சுத்தியல் இல்லாமல் ஷாஃப்ட்டில் பேரிங் ஏற்றுவது எப்படி?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேரிங்கைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்றினேன். ஏறிவிட்டது. ஆனால் பம்பை ஓட்டியதும் கரகரவென்று சத்தம். வெளிவளையத்தில் விழுந்த அடி குண்டுகள் வழியாக இறங்கி, அவை ஓடும் பாதையில் பள்ளம் போட்டிருந்தது. இன்டக்‌ஷன் ஹீட்டரில் சூடாக்கி ஏற்றினால் அடிக்கவே வேண்டியதில்லை.

முதலில் ஷாஃப்ட்டையும் பேரிங்கின் துளையையும் மைக்ரோமீட்டரால் அளந்துவிடுங்கள். துளை 100 மி.மீ., ஷாஃப்ட் அதைவிட 0.04 மி.மீ. பெரிது என்று வைத்துக்கொள்வோம். சூடு 80 டிகிரி கூடினால் இந்த அளவு எஃகுத் துளை ஏறக்குறைய 0.096 மி.மீ. விரியும். 0.04 போனாலும் நழுவி ஏற இடம் மிச்சம். நம் ஒர்க்‌ஷாப்பிலேயே 30 டிகிரி இருக்கும், அதனால் ஹீட்டரில் 110 வையுங்கள். 120ஐத் தாண்ட வேண்டாம். கிரீஸ் அடைத்து மூடிய பேரிங் என்றால் 80 டிகிரியோடு நிறுத்துங்கள்.

ஷாஃப்ட்டில் பிசிறு இருந்தால் தேய்த்துத் துடையுங்கள். பேரிங்கின் உறையைக் கடைசியில் பிரித்தால் போதும். இங்கே இருக்கிற ஈரத்தில் வியர்வைக் கை பட்ட இடம் துருப்பிடிக்கும்.

ஹீட்டரின் இரும்புச் சட்டத்தைத் துளைக்குள் நுழைத்து, அதன் இடத்தில் சரியாகப் பதிய வையுங்கள். சுவிட்சைப் போட்டால் சட்டத்தில் காந்தப்புலம் மாறிமாறி ஓடும். பேரிங்குக்குள்ளேயே மின்சாரம் பாய்ந்து அது சூடாகும். நெருப்பே கிடையாது. வெப்பமானியை உள்வளையத்தில் ஒட்டுங்கள், முதலில் சூடேறுவது அதுதான். வெளிவளையத்தில் ஒட்டினால் உள்ளே அளவு மீறிவிடும். வாட்ச், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. சூடானதும் ஹீட்டர் காந்தத்தை நீக்கி முடிக்கும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் பேரிங் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் வெப்பம் தாங்கும் கையுறையோடு, கோணாமல் ஒரே தள்ளாக, ஷாஃப்ட் தடிமனாகத் தொடங்கும் விளிம்பான ஷோல்டர்வரை ஏற்றுங்கள். நடுவில் சிக்கினால் தட்டாதீர்கள். உடனே உருவி, மறுபடி சூடாக்குங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இதற்குப் பிறகுதான். ஆறும்போது பேரிங் அகலத்திலும் சுருங்கி, ஷோல்டரை விட்டு விலகும். ஆகவே பிடி இறுகும்வரை அழுத்தியே பிடியுங்கள், அல்லது நட்டைப் போட்டு இறுக்குங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. முழுக்க ஆறியதும் ஷோல்டருக்கும் உள்வளையத்துக்கும் நடுவே, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகட்டைச் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். எங்கும் நுழையவில்லை என்றால் பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறது.