ஜெர்மனியில் அறை எடுக்கும்போது

விளம்பரத்தில் 'கால்ட்மீட்டெ' என்று போட்டிருந்தால் அது வெறும் வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவெல்லாம் சேர்ந்த 'வார்ம்மீட்டெ' எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். மின்சாரமும் இன்டர்நெட்டும் பல வீடுகளில் அதிலும் சேராது. அட்வான்ஸ் அதிகபட்சம் 3 மாத கால்ட்மீட்டெதான்; அதையும் 3 தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. வீட்டைக் காட்டாமலே பணம் அனுப்பச் சொன்னால் ஏமாற்று வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபோன 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங்' தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அந்தத் தாளைத் தர மறுப்பவரிடம் அறையே எடுக்காதீர்கள்.

தபால்பெட்டியில் உங்கள் பெயரை அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். வரி எண்ணும் வங்கி அட்டையும் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.