ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு சனி ஞாயிறு

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்களின் விடுமுறை ஊரில் எப்படிக் கரையும் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ், பல் டாக்டர், வீடு வீடாக விருந்து. நடுவில் ஒரு சனி ஞாயிறு தப்பிப் பிழைத்தால், "ராமேஸ்வரம் பக்கம் கடலோரமா ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பலர் அந்த இரண்டு நாளில் இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை என்று சுற்றி, கிளம்பியபோது இருந்ததைவிடக் களைத்துத் திரும்புகிறார்கள். கோயில் சுற்றுவதுதான் நோக்கம் என்றால் அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். இங்கே சொல்வது கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கு.

ஹோட்டல் தேடும் முன் எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள். இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. ராமேஸ்வரம் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சை முழுசாக நம்பிவிட முடியாது, காற்று மாறினால் இரண்டின் குணமும் மாறிவிடும். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கரை குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று கிளம்பினால் கதை தலைகீழ். இங்கே கைட் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறவர்கள்கூட காற்றைப் பார்த்துத்தான் கரை மாற்றுகிறார்கள்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்து வருகிற பெரும்பாலானோருக்குக் கிடைப்பது ஜூலையும் ஆகஸ்டும்தான். அந்த மாதங்களில் வடக்குக் கரையைப் பிடியுங்கள்: உச்சிப்புளி, பிரப்பன்வலசை, அரியமான். தனுஷ்கோடியில் அப்போது மணல் முகத்தில் அறையும். டிசம்பரில் வருகிறவர்கள் அறையைப் பதிவு செய்யும்போதே ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழையும் புயலும் அந்த மாதத்துக்குப் புதிதல்ல. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலே டிசம்பர் 22, 23 தேதிகளில்தான் வந்தது. தையும் மாசியும் வாய்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வெயில் குறைவு, தெற்குக் கடலும் அடங்கியிருக்கும். வாலிநோக்கம், ஏர்வாடி, சேதுக்கரைப் பக்கம் அப்போது அவ்வளவு அழகு. தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் பூநாரைகளும் அந்தப் பருவத்தில்தான் வந்து நிற்கும்.

கச்சான் மாதங்களில் வடக்குக் கரையில் அலை கிடையாது. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. அலையில் குதிக்க வந்தவருக்கு ஏமாற்றம்தான். சில நாட்களில் கடல் புல் கரையில் மெத்தையாக ஒதுங்கி நாறும். அது அழுக்கல்ல. கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். சொறி மீன் (ஜெல்லி ஃபிஷ்) இருக்கிறதா என்று மட்டும் இறங்கும் முன் அங்குள்ள மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் எந்த மாதமும் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

அறைக்கு வருவோம். 'சீ வியூ' என்று போட்டிருக்கும் அறைகளில் பாதிக்கு மேல், மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் ஒரு நீலக் கோடு தெரிகிற வகை. நேரடியாகப் போன் போட்டு, "ரூம்ல படுத்துக்கிட்டே கடல் தெரியுமா, நடுவுல ரோடு இருக்கா, பக்கத்துல மீன் இறக்குற இடம் இருக்கா?" என்று கேளுங்கள். தயங்கி வருகிற பதிலிலேயே உண்மை தெரிந்துவிடும். ராமேஸ்வரம் ஊருக்குள் இருக்கும் லாட்ஜுகள் யாத்திரிகர்களுக்கானவை. விடியுமுன்பே ஈரத் துணியும் பக்கெட்டுமாக நடமாட்டம் ஆரம்பித்துவிடும், கோயிலைச் சுற்றிலும் பெரும்பாலும் சைவச் சாப்பாடு. அரசு நடத்தும் ஹோட்டல் தமிழ்நாடு அங்கே கடலை ஒட்டியே இருக்கிறது. பளபளப்பு எதிர்பார்க்காதவர்களுக்கு அது போதும். ஓய்வுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே, தென்னந்தோப்பும் பனையும் கடலுமாக இருக்கும் தங்குமிடங்களுக்கு. எங்கே தங்கினாலும் அமாவாசை ஒட்டிய சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் தீவே கூட்டத்தில் திணறும்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். உங்களைத் தங்கவைக்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கமில்லாத சின்ன லாட்ஜுகள், நீங்கள் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "ரூம் இல்ல சார்" என்று சொல்லிவிடும். முன்பதிவின்போதே வெளிநாட்டு பாஸ்போர்ட் என்று சொல்லிவிடுங்கள். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ விசாவோ, அசலையே கையில் வைத்திருங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எல்லைக் கடல், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், வம்பு எதற்கு? மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். தனுஷ்கோடி முனையில் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

மதுரைக்குக் கொழும்பு, துபாய், சிங்கப்பூரிலிருந்து நேர் விமானம் உண்டு. அங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், நல்ல சாலை. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் கடல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் கடலுக்கு மேலே ஓடும், அதற்காகவே ராமேஸ்வரம் வரை டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் ஆட்டோவில் திரும்பி வருகிறவர்களும் உண்டு. கார் என்றால் டிரைவருக்கு பேட்டா மட்டும் கொடுத்தால் போதாது, அவர் படுக்க இடம் இருக்கிறதா என்று ஹோட்டலில் கேளுங்கள். வண்டிக்குள் தூங்கிய மனிதர் ஞாயிற்றுக்கிழமை உங்களை மதுரைக்கு ஓட்டிப் போக வேண்டாம்.

'தண்ணியில்லாக் காடு' என்று பேர் வாங்கிய ஜில்லா இது. பல இடங்களில் குழாயில் உப்புத் தண்ணீர்தான், சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர். யாராவது முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள்தானே.

சாப்பாட்டுக்கு வந்தால் எல்லாக் குறையும் மறந்துபோகும். மெனு அட்டையை மூடி வைத்துவிட்டு "இன்னைக்கு வந்த மீன் என்ன?" என்று காலையிலேயே சமையல்காரரிடம் கேளுங்கள். விளமீன், பாறை, ஊளி, கணவாய், நண்டு என்று அவர் அடுக்குவதில் ஒன்றைக் குழம்புக்கும் ஒன்றை வறுவலுக்கும் சொல்லிவிட்டால் மதியத்துக்குத் தயாராகிவிடும். குழம்பில் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் இருக்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்ல மறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சமாக வரும், விலையும் ஏறும். அதற்குப் பதில் அந்த மாதங்களில் சாலையோரம் நுங்கு கிடைக்கும். தை மாதம் வந்தால் பனங்கிழங்கு.

வெளியே போவதை ஒரே ஒரு அரை நாளோடு நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் காரங்காடு. தொண்டி போகும் வழியில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். கூட்டம் அதிகமில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தேசியப் பூங்கா. வனத்துறை ஏற்பாட்டில் தவிர, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது அழைத்தால் மீன்பிடிப் படகில் ஏறாதீர்கள்.

ஈழத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் போனவர்களின் பிள்ளைகள் தனுஷ்கோடியைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும், அது சும்மா வேடிக்கை பார்க்கிற இடமல்ல அவர்களுக்கு. இலங்கையின் தலைமன்னார் இங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி வந்த மலையகக் குடும்பங்கள் பலவும் மண்டபத்தில் இருக்கும் அகதி முகாம் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் சிதறின. முகாமுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. வாசலில் நின்று கேமராவை நீட்டுவதும் சரியல்ல, இன்னும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். இலங்கைக்குக் கப்பல் இங்கிருந்து இல்லை, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான். அரிச்சல்முனைக்கு மதியமே கிளம்பிவிடுங்கள், மாலையானால் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடும்.

திரும்பும்போது கீழக்கரை வழியாக வந்தால் தொதல் வாங்கலாம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டியது, விமானத்துக்கும் தாங்கும். கருவாடு வாங்கினால் பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, இறங்கும் நாட்டின் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் விதியை முன்கூட்டியே பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கடையில் வெளிப்படையாகவே விற்றாலும் பவளப்பாறைத் துண்டைத் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் அது புலிக்குச் சமமான பட்டியலில் இருக்கிறது, பெட்டியில் சிக்கினால் "தெரியாம வாங்கிட்டேன்" என்பது எடுபடாது.