தோட்டத்து ஸ்போர்ட்ஸ் கேம்ப்புக்குப் புதுசா கோச்சா வர்றீங்களா? இப்படி ஆரம்பிங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊர்ல ஸ்கூல் லீவு வந்துட்டா சர்ச் கேம்ப்புக்கு கோச் தேடுவாங்க, உடனே நம்ம தம்பி தங்கச்சிங்க "எனக்கு அவ்வளவா விளையாட வராதே"னு ஒதுங்கிடுவாங்க. 7லேர்ந்து 12 வயசுப் பிள்ளைங்களுக்கு ஸ்டேட் பிளேயர் வேணாம், பிள்ளைங்கள நம்பி விடலாம்னு பெத்தவங்க நினைக்கிற ஆள்தான் வேணும், அதனால விளையாட்டுக்கு முன்னாடி அந்த நம்பிக்கைய எப்படிச் சம்பாதிக்கிறதுனு சொல்லிடுறேன்.

முதல்ல பேர் கொடுக்குறது. பாஸ்டர்கிட்ட பேசுங்க, ஐசி (அடையாள அட்டை) காப்பி கொடுங்க, உங்களத் தெரிஞ்ச ரெண்டு பேர் பேரும் கொடுங்க. நெறைய கேள்வி கேக்குறாங்கன்னா அது நல்ல கேம்ப். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குன்னே 2017ல இங்க தனிச் சட்டம் வந்திருக்கு, அதனால யாரும் இதுல மனசு சங்கடப்படக் கூடாது. ஒரு பிள்ளையோட நீங்க மட்டும் தனியா இருக்காதீங்க, டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் வீட்டுல விட்டாலும் இன்னொரு பெரியவங்க கூட இருக்கணும். பிள்ளைங்களுக்குத் தனியா வாட்சாப் வேணாம், அவங்க அம்மாவுக்கு அனுப்புங்க.

அடுத்தது வீட்டுக்குப் போறது, என்னைக் கேட்டா இதுதான் பெரிய வேலை. வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் வீட்டுல சாமி மேடை இருக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுக்குற குடும்பமா இருக்கும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) நேர்ல போயி "அக்கா, காலையில விளையாட்டு இருக்கும், நடுவுல பைபிள் கதையும் ஜெபமும் இருக்கும், உங்களுக்குச் சம்மதம்னா அனுப்புங்க"னு வாய்விட்டுச் சொல்லுங்க, சம்மத ஃபாரத்துலயும் அத எழுதி கையெழுத்து வாங்குங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட மதத்தப் பெத்தவங்க இல்லன்னா பாதுகாவலர்தான் முடிவு பண்ணணும்னு அரசியலமைப்புச் சட்டம் 12(4) சொல்லுது. அதே சட்டத்தோட 11(4) முஸ்லிம்கள் மத்தியில வேற மதம் பரப்புறதக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கு, பல மாநிலங்கள்ல அப்படிச் சட்டமும் இருக்கு, அதனால முஸ்லிம் பிள்ளைங்கள இதுல சேர்க்கக் கூடாது. விளையாட்டப் பாத்துட்டு ஆசையா வந்து நின்னா அன்பா பேசி அனுப்பிட்டு, கேம்ப் பொறுப்பாளர்கிட்ட உடனே சொல்லிடுங்க.

இப்ப பாடாங், அதாவது விளையாட்டுத் திடல். பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து கண்ணாடித் துண்டு, குழி, எறும்புப் புத்து இருக்கான்னு பாருங்க. ஃபுட்பால்னா 8 வயசுக்குக் கீழ சைஸ் 3 பந்து, 8லேர்ந்து 12 வரைக்கும் சைஸ் 4. கோன் இல்லன்னா சிலிப்பர வரிசையா வைங்க, போதும்.

டிரில்ல புதுசா வர்றவங்க பத்து பிள்ளைய வரிசையில நிக்க வச்சு ஒரே பந்த உதைக்க விடுவாங்க, அப்போ ஒம்பது பேர் சும்மா நிப்பாங்க, கொஞ்ச நேரத்துல சண்டை வந்துரும். ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு அஞ்சு எட்டு வைக்கிற தூரத்துல எதிரெதிரா நிறுத்துங்க. உதைக்காத காலப் பந்துக்குப் பக்கத்துல வைக்கணும், அந்தக் கால்விரல் பந்து போக வேண்டிய பக்கம் பாக்கணும், உதைக்கிற காலோட கணுக்கால இறுக்கி உள்பக்கத்தால தள்ளணும். சொல்லும்போது முட்டி போட்டு அவங்க கண்ணு உயரத்துக்கு வாங்க, வெயில் உங்க முகத்துல அடிக்கட்டும், பிள்ளைங்களுக்கு வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், இல்லன்னா கண்ணக் கூசிக்கிட்டு ஒண்ணும் காதுல ஏறாது. பேச்சு ஒரு நிமிஷம்தான், அப்புறம் மூணுக்கு மூணு மேட்ச். டீம் பிரிக்கிறத மட்டும் பிள்ளைங்ககிட்ட விடவே விடாதீங்க, எப்பவும் ஒரே பிள்ளைதான் கடைசியா நிக்கும், அந்த முகத்தப் பாக்க முடியாது. நீங்களே ஒண்ணு ரெண்டு எண்ணிப் பிரிச்சிடுங்க.

காலையில ஏழரைக்கு ஆரம்பிச்சு பத்தரைக்குள்ள வெயில் வேலைய முடிங்க. பசியாறிட்டீங்களானு கேளுங்க, வெறும் வயித்தோட வர்ற பிள்ளைங்க இருப்பாங்க, மைலோவும் பிஸ்கட்டும் கையில இருக்கட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி. தலை சுத்துது, தலை வலிக்குதுன்னா நிழல்ல உக்கார வச்சு ஈரத்துணி போடுங்க, பேச்சு குழறினா உடனே அவசர நம்பர் 999க்குக் கூப்பிடுங்க. இடிச்சத்தம் கேட்டா எல்லாரும் கட்டடத்துக்குள்ள, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளிய வரக் கூடாது. புகைமூட்டக் காலத்துல காத்துத் தரக் குறியீடு 100 தாண்டினா ஸ்கூல்லயே வெளி நடவடிக்கைய நிறுத்திடுவாங்க, நாமும் நிறுத்தணும்.

தண்ணி பிரேக்லதான் கதை. ஏழு நிமிஷம், ஒரே விஷயம். எரிக் லிடல்னு ஒரு ஓட்டக்காரர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் முதல் சுத்து ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சதும் ஆராதனை நாள்ல ஓட மாட்டேன்னுட்டார், 400 மீட்டர் ஓடி தங்கம் வாங்கினார். இத நல்லா சொல்லிட்டு விட்டுடுங்க. "யாரு இயேசுவ ஏத்துக்கிறீங்க, கை தூக்குங்க"னு இந்த வயசுப் பிள்ளைங்கள நெருக்குறது எனக்குச் சம்மதமில்ல, கோச் மேல உள்ள பாசத்துலயே எல்லாக் கையும் எழும்பும். ஒரு பிள்ளை தானா கேட்டா உண்மையா பதில் சொல்லுங்க, வீட்டுலயும் சொல்லிடுங்க. வீட்டுல அடிக்கிறாங்க, யாரோ தப்பா தொடுறாங்கனு சொன்னா மட்டும் வேற மாதிரி: பதறாம கேளுங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, அன்னிக்கே பொறுப்பாளர்கிட்ட போங்க, தாலியான் காசே (Talian Kasih) உதவி நம்பர் 15999க்குக் கூப்பிடுங்க.

கடைசி நாள் பெத்தவங்க வருவாங்க. "நல்ல பையன்"னு பொதுவா சொல்லாதீங்க. "அண்ணே, உங்க பையன் இப்ப இடது கால்லயும் பாஸ் போடுறான், வேணும்னா போடச் சொல்லிப் பாருங்க"னு சொல்லி பந்த அந்தப் பையன்கிட்ட உருட்டி விடுங்க.