கெட்டிமேளத்தில் எதற்கு சைலன்ட் ஷட்டர்?

போன வைகாசியில் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். நான் மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர். பொண்ணு வீட்டார் தனியாக ஒரு பையனைப் பிடித்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதிருக்கும், கையில் புத்தம்புது மிரர்லெஸ் கேமரா. இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே மேடையில் முட்டி மோதிக்கொண்டு படம் எடுப்பது நம் பக்கம் சகஜம்தான். தாலித் தட்டு சபையைச் சுற்றி எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு மேடைக்குத் திரும்பியது. கெட்டிமேளம். நான் எடுக்கிறேன், அவனும் எடுக்கிறான். என் ஃப்ளாஷ் மின்னுகிறது. அவன் கேமரா தலையில் உட்கார்ந்திருந்த ஃப்ளாஷ் ஒருமுறைகூட மின்னவில்லை.

அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்ல நேரமில்லை. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்துவிட்டார்.

பந்தியில் அவன் கேமராவை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொண்ணு நெற்றியில் ஒரு கருத்த பட்டை, கழுத்தில் ஒன்று, மாப்பிள்ளை கையில் ஒன்று. முப்பது படத்திலும் இதே கதை. "அண்ணே, லென்ஸ் போச்சா?" என்றான். லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சில வருடங்களுக்கு முன்பு செய்த அதே மடத்தனம்தான், ஆள் மட்டும் வேறு.

நம் ஆட்கள் படம் எடுக்கப் போகும் இடத்தில் செய்யும் இந்த மாதிரி மடத்தனங்களைப் பற்றி அன்று ராத்திரி எழுத ஆரம்பித்ததுதான் இது. பேட்டரிக்கு சார்ஜ் போடு, கார்டைக் காலி பண்ணு, லென்ஸ் மூடியைக் கழற்று என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் ஒருமுறை அசிங்கப்பட்டால் தானாகக் கற்றுக்கொள்ளலாம்.

சைலன்ட் ஷட்டர்

2019 தை மாதம். சனிக்கிழமை ராயபுரத்தில் ஒரு சர்ச் கல்யாணம். ஃபாதர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: ஃப்ளாஷ் கூடாது, பூசை நேரத்தில் டப் டப் என்று சத்தமும் கூடாது. நியாயம்தான். கேமராவை சைலன்ட் ஷட்டரில் போட்டேன். பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில், படங்கள் அருமையாக வந்தன. திங்கட்கிழமை விடியற்காலை திருவொற்றியூரில் முகூர்த்தம். அதே கேமரா, அதே செட்டிங். மாற்ற மறந்துவிட்டேன்.

தாலி கட்டும்போது ஃப்ளாஷ் எரியவில்லை. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து, அந்த அவசரத்தில் நாலு செல்லையும் கழற்றி மாற்றினேன். அப்போதும் எரியவில்லை. சரி, மேடையில்தான் இத்தனை லைட்டு இருக்கிறதே என்று ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றிவிட்டு எடுத்துக்கொண்டே போனேன். பின்பக்கத் திரையில் சின்னதாகப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரிந்தது.

ஏன் இப்படி? ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்குள் ஒரு வெளிச்சக் கோடு மெதுவாக நகர்ந்து போகுமே, சைலன்ட் ஷட்டர் எனப்படும் எலக்ட்ரானிக் ஷட்டரும் அந்த ஜாதிதான். திரை எதுவும் திறந்து மூடுவதில்லை. கேமராவுக்குள் படத்தை வாங்கும் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. மேல் வரியைப் படிக்கும் நேரம் வேறு, கீழ் வரியைப் படிக்கும் நேரம் வேறு. சாதாரண சென்சார் முழுவதையும் படித்து முடிக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடும், குறையும்.

நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடி லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஐந்து தடவை மங்கிவிடும். ஆக, ஒரே படத்தில் ஐந்து பட்டை. கணக்கு அவ்வளவுதான். சர்ச்சில் வராததற்குக் காரணம், சூரியன் மங்கி மங்கி எரிவதில்லை. ஃப்ளாஷ் எரியாததற்குக் காரணம், முக்கால்வாசி கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் ஃப்ளாஷ் வேலை செய்யாது. கேமரா தன்னால் முடிந்த வழியில் எனக்குச் சொல்லத்தான் பார்த்திருக்கிறது. நான்தான் செல்லை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பட்டையை எடுக்க இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பட்டை ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒன்று ஊதா, ஒன்று மஞ்சள். முகத்தில் விழுந்ததைச் சரிசெய்தால் புடவை நிறம் மாறுகிறது. கடைசியில் கருப்பு வெள்ளையாக மாற்றினேன். நிறம் போனதும் பட்டை பாதி மறைந்தது, கலைப்படம் மாதிரிகூட இருந்தது. எனக்கே ஒரு சின்ன பெருமை. பொண்ணோட அம்மா ஆல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாப்பா இது, தாலி கட்டறத கருப்பு வெள்ளையிலயா போடுவாங்க? மஞ்சக் கயிறு எங்க?"

என்னிடம் பதில் இல்லை. பாக்கிப் பணத்தை நான் கேட்கவில்லை, ஆல்பத்தையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். வீடியோவிலிருந்து எடுத்த இரண்டு மூன்று ஸ்டில்லை வைத்துத்தான் முகூர்த்தப் பக்கம் ஒப்பேறியது. அந்த வீட்டுப் பக்கம் போனால் இன்றைக்கும் வண்டியை அடுத்த தெரு வழியாகத் திருப்பிக்கொள்கிறேன்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. சர்ச்சில் சத்தம் கூடாது, சரி. நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளக்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? நான் மறந்துபோய்ச் செய்தேன். இப்போது வரும் பிள்ளைகள் 'சைலன்ட்தான் ப்ரோ' என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேண்டுமென்றே போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பையனும் அதைத்தான் சொன்னான்.

செய்ய வேண்டியது இது. மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர், அதாவது நிஜத் திரை திறந்து மூடும் ஷட்டர். வேகம் 1/100, நொடியில் நூறில் ஒரு பங்கு. நொடிக்கு 100 தடவை மங்கும் லைட்டில் 1/100 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும், பட்டை விழாது. 1/50 வைத்தால் இரண்டு சுற்று, அதுவும் சரிதான், ஆனால் கை ஆடும். வெளிநாட்டு வீடியோக்களில் 1/60, 1/125 என்று சொல்வார்கள். அமெரிக்காவில் கரன்ட் 60 ஹெர்ட்ஸ், அவர்கள் கணக்கு அவர்களுக்கு. அட்சதை விழும்போது 1/100-இல் அரிசி கொஞ்சம் கோடு கோடாக வரும். வரட்டும், எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் டெகரேஷன்காரர் டிம்மர் போட்டுக் குறைத்து வைத்த பார் லைட் எனும் மேடை விளக்கும், மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரையும் இந்த 100 கணக்குக்கு அடங்காது. அவை மின்னும் வேகமே வேறு. சில கேமராக்களில் ஃப்ளிக்கரை, அதாவது லைட் மங்கி மங்கி எரிவதை, கண்டுபிடித்து வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது க்ளிக் செய்யும் வசதி இருக்கிறது. அது கரன்ட்டால் வரும் மங்கலுக்கு உதவும், டிம்மருக்கு உதவாது. அதனால் முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பே மேடை ஏறி, எல்லா லைட்டையும் போடச் சொல்லி, வெவ்வேறு வேகத்தில் நாலு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கி என்பதுதான் முக்கியம். பட்டை தெரிந்தால் லைட்காரரிடம் போய் டிம்மரை முழுசாக ஏற்றச் சொல்லுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

குடும்பப் படத்துக்கு எஃப் 1.8

வேண்டாம். லென்ஸை அவ்வளவு அகலமாகத் திறந்தால் ஒரு வரிசை மட்டும்தான் தெளிவாக இருக்கும். பின்வரிசைப் பெரியப்பா மங்கலாக வந்தால் அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். எஃப் 5.6 வையுங்கள்.

ஏசியிலிருந்து நேராக வெளியே ஓடுவது

கடலோர ஊர் நம்முடையது. மே மாதத்தில் ஏசி மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை அழைப்புக்காகப் பிள்ளையார் கோயில் வாசலுக்குக் கேமராவோடு ஓடினால், குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படிந்து லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிடும். துடைத்தால் மறுபடி படியும். கேமரா சூடாகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை, அதற்குள் மாப்பிள்ளை காரில் ஏறிவிடுவார். கால் மணி நேரத்துக்கு முன்பே ஒரு கேமராவைப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடி, வெளியே அனுப்பிவிடுங்கள். இது தெரியாமல் அந்த நேரம் பார்த்து லென்ஸை மாற்றுபவர்களும் உண்டு. அவர்கள் சென்சார் மேலேயே பனியை வாங்கிக்கொள்கிறார்கள்.

லென்ஸை பீரோவில் வைப்பது

பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை காட்டும் டிரை பாக்ஸ் ஒன்று வாங்குங்கள், இரண்டாவது லென்ஸுக்கு முன்பே.

தாலி எப்போது என்று கேட்காமல் இருப்பது

ஐயர் வைத்து நடக்கும் கல்யாணத்தில் கெட்டிமேளமே அலாரம் மாதிரி. வடசென்னையில் சுயமரியாதைத் திருமணங்களும் நிறைய நடக்கும். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். ஐயரும் இல்லை, ஹோமமும் இல்லை. உறவினர்கள், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் முடிந்தது. பிரமுகர் பேசிக்கொண்டே இருப்பார், நீங்கள் ஓரமாக நின்று மெசேஜ் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் திடீரென்று பேச்சை நிறுத்தித் தாலியை எடுத்துக் கொடுப்பார். மாலை முதலிலா, கடைசியிலா, தாலி உண்டா இல்லையா, எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். தலைமை தாங்குகிறவரிடமே போய்க் கேட்டுவிடுங்கள். சர்ச்சில் ஃபாதரிடம் கேட்பதும் இதே வகைதான்.

மே மாதம் காசிமேடு

கல்யாணம் இல்லாத நாட்களில் எல்லோருக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஞாபகம் வரும். விடியற்காலை ஏலம், வலை, வியர்வை, இன்ஸ்டாகிராம். போன வருடம் ஒரு குழு தாம்பரத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பி வந்து நின்றது. விசைப்படகு எல்லாம் கட்டிப்போட்டுக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

படகு வரும் நாளில் போனாலும், கேட்காமல் மீன்காரம்மா முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டாதீர்கள். ஒருமுறை எனக்குக் கிடைத்த பதில்: "மீனு வாங்க வந்தியா, மூஞ்சி பாக்க வந்தியா?" அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். அதன் பிறகு அவரே பேசிக்கொண்டிருந்தார், படமும் எடுத்தேன். இங்கே வெயிலைப் பற்றியும் ஒன்று. சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது அதைப் பார்த்து எடுத்தால் கேமரா வானத்தின் கணக்கைப் போட்டு ஆட்களைக் கருப்பாக்கிவிடும். நிழலுருவம் வேண்டுமென்றால் சரி. முகம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், வெயில் அவர்கள் முகத்தில் விழும்.

உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

பழவேற்காட்டில் ப்ரீ-வெட்டிங்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், ஏரி, படகு, குளிர்காலத்தில் பூநாரை. நல்ல இடம்தான். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜோடியை அங்கே தண்ணீரில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து குழிதான் வரும். பூநாரைக்குப் பக்கத்தில் படகை விடச் சொன்னால் அது பறந்துபோகும், முதுகுதான் கிடைக்கும். அப்புறம் டச்சுக்காரர்கள் கல்லறை. 'பழைய கட்டடம், செம லொகேஷன்' என்று கல்யாண ஜோடியை அந்த வாசலில் நிற்கவைத்திருந்ததைப் பார்த்தேன். அது தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கும் இடம், அதை விடுங்கள். வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்களே, அதையாவது வியூஃபைண்டரில் பார்க்க வேண்டாமா?

கேமரா கடிகாரம்

இரண்டு கேமரா வைத்து எடுத்தால் இரண்டிலும் மணி ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி செல்போனைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

தண்டையார்பேட்டைப் பையனுக்கு என் முகூர்த்தப் படங்களில் கொஞ்சம் கொடுத்தேன், மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. காலை 6.50-க்குத் தாலி கட்டிய படங்கள். அவன் கேமராவில் காலை, மாலை மாறிக் கிடந்தது போலிருக்கிறது, முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கிய ரிசப்ஷன் கல்யாணத்தன்று காலை ஏழு மணி என்று பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு நேரப்படி அடுக்கினால் முதலில் தாலி, பத்து நிமிடத்தில் ரிசப்ஷன். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் பண்ணினான்.

"அண்ணே, உங்க கேமராவுல டைம் தப்பா இருக்கு, கொஞ்சம் பாருங்க."