சிந்தெடிக்கா, மினரலா? இன்ஜின் ஆயில் செலவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் ஆயில் வாங்கப் போகும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது கேன் மேல் உள்ள விலையைத்தான். செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண மினரல் ஆயிலைவிட இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே நிற்கும். விலையைப் பார்த்து ஒருவர் பின்வாங்குவார். விலை கூடினால் தரமும் கூடும் என்று இன்னொருவர் வாங்கிவிடுவார். இரண்டு பேரும் கணக்கைத் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள். ஆயில் செலவை கிலோமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டும்.

4 லிட்டர் பிடிக்கும் ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மினரல் ஆயில் 4 லிட்டரின் விலை 100 என்று வைத்தால், சிந்தெடிக் 220, ஆயில் ஃபில்டர் 25, கூலி 35. மினரல் ஊற்றினால் ஒரு தடவைக்கு 160. அதை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் 10,000 கி.மீ.க்கு 320 ஆகும். சிந்தெடிக் ஊற்றி 10,000 வரை ஓட்டினால் 280தான். ஃபில்டரும் கூலியும் ஒரு தடவை மிச்சமாவதுதான் இங்கே வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஆனால் அதே சிந்தெடிக்கை 7,500-இல் மாற்றினால் 10,000 கி.மீ.க்குச் செலவு 373 ஆகிவிடும். இந்த எண்களின்படி 8,750 கி.மீ. ஓடினால்தான் இரண்டும் சமம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

இதிலிருந்தே முதல் தவறு தெரிந்துவிடும்: சிந்தெடிக் ஊற்றிவிட்டு, பழைய பழக்கத்தில் 5,000-க்கே வடித்துவிடுவது. இன்னும் பாதி ஆயுள் உள்ள ஆயில் கழிவு டப்பாவுக்குப் போகிறது. வண்டியோடு வரும் மேனுவலே அந்த இடைவெளியைக் கேட்டால் அது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. சிந்தெடிக்தானே என்று மேனுவல் சொன்ன அளவைத் தாண்டி ஓட்டுகிறார்கள். சிந்தெடிக்கின் அடிப்படை எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கெடாது என்பது உண்மை. ஆனால் கேனுக்குள் இருப்பது அது மட்டும் இல்லை. அழுக்கைப் பிடித்து வைக்கும் டிடர்ஜென்ட், அமிலத்தை முறிக்கும் காரப்பொருள், தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானம் எல்லாம் கலந்திருக்கின்றன. ஓட ஓட இவை தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு அடிப்படை எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிஸ்டன் ரிங்கைச் சுற்றிக் கசடு படியத்தான் செய்யும்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் காலத்தை மறப்பதும் தவறுதான். தினமும் மூன்று, நான்கு கி.மீ. மட்டும் ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீரும், எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்யும். அதனால்தான் பல மேனுவல்களில் கி.மீ. எண்ணுக்குப் பக்கத்தில் ‘அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ’ என்று இருக்கிறது. ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓட்டுபவர் எந்த ஆயில் ஊற்றினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். சிந்தெடிக் ஊற்றினால் அவருக்கு மேலே சொன்ன கணக்கில் 160-க்குப் பதில் 280 செலவு. மேனுவல் மினரலை அனுமதித்தால், டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையே இல்லை.

டர்போ இருந்தால் பேச்சே வேறு. டர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் ஓடும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சூடான டர்போவில் இன்ஜினை அணைத்ததும் அங்கே நின்றுபோன ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. இந்தச் சூட்டில் மினரல் சீக்கிரம் கருகும். கேனில் மிச்சம் பிடித்துவிட்டு டர்போவுக்குச் செலவழிப்பது யாருக்கும் கட்டாது.

லேபிளில் எதைப் படிப்பது?

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற பெரிய எழுத்தை நம்பி வாங்குவது அடுத்த தவறு. அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்களாகப் பிரிக்கிறார்கள். முதல் மூன்றும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து வருபவை, நான்காவது பிஏஓ எனப்படும் செயற்கைச் சேர்மம், ஐந்தாவதில் எஸ்டர் போன்ற மற்றவை. ஆனால் கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் குரூப் எண்ணெயையும் பல நாடுகளில் சிந்தெடிக் என்றே விற்கலாம். 1999-இல் அமெரிக்காவில் காஸ்ட்ரால் ஆயில் நிறுவனத்தின் மீது அதன் போட்டியாளரான மொபில் கொடுத்த விளம்பரப் புகாரில் வந்த முடிவுதான் இதற்கு வழிவிட்டது. மூன்றாம் குரூப் மோசமான எண்ணெய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, நன்றாகவே உழைக்கும். ஆனால் பிஏஓவுக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. மினரலும் சிந்தெடிக்கும் கலந்த செமி சிந்தெடிக்கில் சிந்தெடிக் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது.

கேனைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அமெரிக்காவின் ஏபிஐ எஸ்பி, ஐரோப்பாவின் ஏசிஇஏ சி3 போன்ற தரக்குறியீடும், கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணும் அங்கேதான் இருக்கும். 2020-இல் வந்த எஸ்பி தரம், டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பற்றும் கோளாறையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் சோதித்துப் பார்க்கிறது. மேனுவல் கேட்கும் குறியீடு உள்ள விலை குறைந்த ஆயில், அது இல்லாத விலை உயர்ந்த சிந்தெடிக்கைவிட உங்கள் இன்ஜினுக்கு நல்லது. புகை வடிகட்டி உள்ள டீசல் காரில் இதை மீறினால், ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியில் போய் அடைக்கும். ஓட்டத்தில் கரியை எரித்துவிடலாம், சாம்பல் எரியாது.

ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடிலும் வீண் செலவு நடக்கிறது. 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-லும், 0டபிள்யூவை மைனஸ் 35-லும் சோதிக்கிறார்கள். பனியே விழாத இடத்தில், மேனுவலின் அட்டவணை 10டபிள்யூவை அனுமதித்தால், 0டபிள்யூவுக்குக் கூடுதல் விலை கொடுத்துப் பெரிய பலன் இல்லை. இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. இதில் கை வைக்காதீர்கள். ‘வண்டி பழசாகிவிட்டது, கெட்டியாக ஊற்றுங்கள்’ என்று 20-க்குப் பதில் 40 ஊற்றினால், ஆயில் அழுத்தத்தால் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு தடுமாறும், மைலேஜும் குறையும்.

கியர் பைக்குக்குக் கார் ஆயில் ஊற்றவே கூடாது. பெரும்பாலான பைக்குகளில் ஒரே ஆயில்தான் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஓடுகிறது. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்குப்பொருள் கிளட்ச் தட்டுகளை நழுவவிடும். ஜப்பானியத் தரக்குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதை வாங்குங்கள்.

மாற்றும்போது நடக்கும் தவறுகள்

நல்ல ஆயில் ஊற்றிவிட்டுப் பழைய ஃபில்டரையே விட்டுவிடுவது வீண். அடைத்த ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும். ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, மேலே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சி அடித்து வெளியேறிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

ஆயில் அளவு கூடினாலும் கெடுதல். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், பம்ப் காற்றை இழுக்கும். சமதளத்தில் நிறுத்தி, அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள்.

சிந்தெடிக்குக்கு மாறினால் திரும்ப முடியாது என்பது உண்மையில்லை. வழியில் அளவு குறைந்து மினரல்தான் கிடைத்தால் தயங்காமல் ஊற்றலாம், தரக்குறியீடு உள்ள ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். ஆனால் அதற்குப் பிறகு 10,000 வரை காத்திருக்காமல் மினரலின் இடைவெளியிலேயே மாற்றிவிடுங்கள். 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குடிக்கும் தேய்ந்த இன்ஜினில் சிந்தெடிக்கை ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. அந்தப் பணத்தை ரிங், வால்வு சீல் வேலைக்கு எடுத்து வைத்து, அதுவரை மேனுவல் அனுமதிக்கும் மினரலையே வாரம் ஒருமுறை அளவு பார்த்து ஊற்றிவாருங்கள்.