₹60,000–70,000-க்குள் கேமிங்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதா, கன்சோல் வாங்குவதா?

கையில் அறுபது, எழுபதாயிரம் ரூபாய் இருக்கிறது, கேம் ஆட வேண்டும். இந்த இடத்தில் டெராஃப்ளாப் என்ற வேகக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர் வேண்டாத பெட்டியோடு வீடு திரும்புகிறார்கள். இந்த விலையில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோல், கவனமாகப் பொறுக்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இரண்டுமே பெரிய கேம்களை நன்றாகவே ஓட்டும். எந்தக் கேம், எந்தத் திரை, மூன்று வருடத்தில் மொத்தம் எவ்வளவு செலவு என்ற வரிசையில் யோசித்தால் பதில் தானாகவே வந்துவிடும்.

படி 1: ஐந்து கேம்களை எழுதுங்கள்

அடுத்த ஒரு வருடத்தில் நிச்சயம் ஆடப்போகும் ஐந்து கேம்களைத் தாளில் எழுதுங்கள். "எல்லாம் ஆடுவேன்" என்பது பதிலாகாது.

பட்டியலில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 அல்லது டோட்டா 2 இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிவிடலாம். இரண்டும் கன்சோலில் கிடையாது. ஜிடிஏ 6-க்காகவே வாங்குகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ்: அது முதலில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும்தான் அறிவிக்கப்பட்டது. ஜிடிஏ-வைத் தயாரிக்கும் ராக்ஸ்டாருக்கு இது பழைய வழக்கம். ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013-இல் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் சுமார் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. சோனியின் கேம்களும் அப்படித்தான். 2018-இல் வந்த காட் ஆஃப் வார் கம்ப்யூட்டரை எட்டியது 2022 ஜனவரியில். காத்திருக்கப் பொறுமை இருப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை, விலையும் அதற்குள் இறங்கியிருக்கும்.

நண்பர்கள் வந்தால் நான்கு பேர் சோபாவில் உட்கார்ந்து ஃபுட்பால் ஆடும் வீடு என்றால் கன்சோலுக்கு ஈடில்லை. வீடியோ எடிட்டிங், கோடிங், காலேஜ் புராஜெக்ட் என்று எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் தேவைப்படும் வீட்டில், கன்சோல் வாங்கியபின் தனியாக லேப்டாப்புக்கும் பணம் தேட வேண்டிவரும்.

படி 2: வீட்டில் என்ன திரை இருக்கிறது?

நல்ல 4கே டிவி ஏற்கெனவே இருந்தால் கன்சோலுக்குத் திரைச் செலவு இல்லை. டிவி அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாத மலிவு டிவியில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே உள்ள தாமதம் கையிலேயே உறைக்கும். 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 படம்) வேண்டுமானால் டிவியும் 120 ஹெர்ட்ஸ் பேனலாக, ஹெச்டிஎம்ஐ 2.1 உள்ளதாக இருக்க வேண்டும்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம்: இரவு 7 முதல் 10 வரை ஹால் டிவி யார் கையில்? சீரியல் ஓடும் வீட்டில் கன்சோல் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது தனி மானிட்டர் தேவைப்படும், கன்சோலின் விலைச் சாதகம் அங்கேயே கரைந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு 24 அங்குலம், 1080பி, 100 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள ஐபிஎஸ் மானிட்டர் போதும். இந்த பட்ஜெட்டில் கிடைக்கும் கிராபிக்ஸ் கார்டை 4கே டிவியில் மாட்டி முழுத் தெளிவில் ஓட்ட முயலாதீர்கள், திணறும்.

படி 3: மூன்று வருடக் கணக்கு

பிஎஸ்5 ஸ்லிம் இந்தியாவில் 2024 ஏப்ரலில் வந்தபோது டிஸ்க் மாடல் ₹54,990, டிஜிட்டல் மாடல் ₹44,990. இன்றைய விலையைக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு இரண்டாவது கன்ட்ரோலர். கட்டணக் கேம்களை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேம்களுக்கு வேண்டாம். பெரிய கேம்கள் புதிதாக வரும்போது ₹4,999 அளவில் இருக்கும். வருடத்துக்கு நான்கு வாங்கினால் மூன்று வருடத்தில் கன்சோலின் விலையையே தாண்டிவிடுகிறது. டிஸ்க் மாடலைப் பரிந்துரைப்பது இதனால்தான்: ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், பழையதை வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஸ்லிம் டிஜிட்டல் மாடலில் டிஸ்க் டிரைவைப் பின்னால் சேர்க்க முடியும், ஆனால் முதல்முறை இணைக்க இணையம் தேவை.

கம்ப்யூட்டரில் ஆன்லைன் ஆட்டத்துக்குச் சந்தா இல்லை. எபிக் ஸ்டோர் வாரந்தோறும் இலவசக் கேம் தருகிறது, ஸ்டீமில் பெரிய தள்ளுபடி விற்பனைகள் உண்டு. ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்கவில்லையென்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணம் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடைத் தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த வாய்ப்பு போய்விடும்.

ஆனால் டவர் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், யூபிஎஸ், விண்டோஸ் லைசன்ஸ் எல்லாம் சேர்ந்து ₹15,000–20,000 கூடும்.

மின்சாரத்தையும் சேர்க்கலாம். கம்ப்யூட்டர் சுமார் 300 வாட் இழுத்தால், தினம் 3 மணி நேரத்துக்கு மாதம் 27 யூனிட். பிஎஸ்5 சுமார் 200 வாட், அதாவது 18 யூனிட், டிவி தனி. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏற்கெனவே 470-இல் நிற்கும் வீட்டுக்கு இரண்டுமே பில்லை ஏற்றிவிடும்.

படி 4: முடிவு

மொத்த பட்ஜெட் ₹45,000-க்குக் கீழே என்றால் புதிய பாகங்களில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யாதீர்கள். அந்தத் தொகையில் கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் (பவர் சப்ளை) கை வைக்க வேண்டிவரும், கெடுவது அந்த இரண்டில்தான். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியது இதை இன்னும் மோசமாக்கியது. ₹45,000–60,000, டிவி இருக்கிறது, பட்டியலில் கம்ப்யூட்டருக்கு மட்டுமான கேம் இல்லை என்றால் கன்சோல். மானிட்டர் போன்றவை ஏற்கெனவே இருந்தோ, அவற்றுக்குத் தனியாகப் பணம் இருந்தோ, டவருக்கு மட்டும் ₹60,000-க்கு மேல் ஒதுக்க முடியும், கம்ப்யூட்டரால் வேறு வேலையும் ஆகும் என்றால் அசெம்பிள் செய்யுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள். டிஸ்க் டிரைவ் இல்லை; 512 ஜிபி மாடலில் உங்களுக்குக் கிடைப்பது 364 ஜிபி. பெரிய கேம் மூன்று, நான்கு ஏற்றினால் நிரம்பிவிடும்.

கன்சோல் எடுத்தவர்களுக்கு வேலை அதிகம் இல்லை. டிவி அலமாரிக்குள் அடைக்காமல் பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். இடம் போதாவிட்டால் பிஎஸ்5-க்குள் எம்.2 எஸ்எஸ்டி சேர்க்கலாம்: ஜென்4 என்விஎம்இ, ஹீட்சிங்க் கட்டாயம், படிக்கும் வேகம் 5,500 எம்பி/விநாடி என்பது சோனியின் பரிந்துரை. சாதாரண யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் பிஎஸ்5 கேம்களைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது.

படி 5: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது

டவர் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி இந்த அளவுக்கு நல்ல தொடக்கம். 132 வாட்தான் இழுக்கும், 1080பி-யில் பெரும்பாலான கேம்களுக்குப் போதும். அதே விலையில் ஆர்டிஎக்ஸ் 5050 கிடைத்தால் அதை எடுங்கள். இரண்டு பொறிகள்: ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி இரண்டு உண்டு, 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு 4 ஜிபி மெமரி, மதர்போர்டோடு பேச பிசிஐஇ நான்கு லேன்தான். பழைய பி450 மதர்போர்டில் மாட்டினால் பிசிஐஇ 3.0 வேகத்துக்கு இறங்கி இன்னும் தடுமாறும்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட், கூலர் பெட்டியிலேயே வரும். கடையில் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று 5500-ஐ நீட்டுவார்கள். அதில் எல்3 கேஷ் எனும் உள் நினைவகம் பாதி (32-க்குப் பதில் 16 எம்பி), பிசிஐஇ 3.0 மட்டும். மதர்போர்டுக்கு பி550, ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் நல்லது. ரேம் 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200. ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் வாங்கினால் ஒரே சேனலில் ஓடி ஃபிரேம் குறையும். எஸ்எஸ்டி என்விஎம்இ 500 ஜிபி குறைந்தபட்சம், முடிந்தால் 1 டிபி.

எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்திறன் சான்று), பெயருள்ள கம்பெனி. கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸை அதிலேயே விட்டுவிடுங்கள். லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 550 வாட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும். 20-க்குக் கீழே எழுதியிருந்தால் மேலே அச்சிட்ட வாட் வெறும் அலங்காரம்.

சென்னையில் ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் ஆன்லைன் விலைகளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி" என்று மிக மலிவாக விற்கும் செட்டுகளில் பெரும்பாலும் இருப்பது பத்து வருடத்துக்கு மேற்பட்ட பிராசஸர். விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் ஜிபியூ-இசட் மென்பொருளில் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பயாஸ் எனும் அடிப்படை மென்பொருளை மாற்றிப் பெயர் திருத்திய போலிகளை அது பெயருக்கு முன்னால் 'FAKE' என்று போட்டே காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள்.

படி 6: மாட்டுவது

ஒரு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கூலரை வெளியிலேயே மாட்டுங்கள்.

பிராசஸரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் வருமாறு வைத்தால் தானாக உட்காரும். அழுத்தவே கூடாது, பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன, வளைந்தால் வாரன்டி கிடைக்காது.

கூலரில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சாக்கெட்டின் இருபுறமும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் போர்டின் பின்னால் இருக்கும் உலோகத் தகடு கீழே விழும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் அதில் பிடிக்க விடுங்கள். ஒன்றை முழுதாக முறுக்காமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கூலரின் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொரு முறை பூச வேண்டாம். பின்னாளில் கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் கையோடு வந்துவிடும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ரேமை பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ துளைகள் உள்ள பின்பக்கத் தகட்டை (ஐ/ஓ ஷீல்டு) கேபினெட்டில் பொருத்துங்கள், அதை மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். போர்டின் துளைகள் இருக்கும் இடங்களில் மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) இருக்கட்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் ஷார்ட் ஆகும். பிறகு எஸ்எம்பிஎஸ் கேபிள்கள்: மதர்போர்டுக்கு 24 பின், பிராசஸருக்கு 4+4 பின், கடைசியாக கிராபிக்ஸ் கார்டும் அதன் 6+2 பின்னும். 4+4-உம் 6+2-உம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், கேபிள் மேல் எழுதியிருப்பதைப் படித்து மாட்டுங்கள்.

படி 7: ஆன் செய்தபின்

திரை கறுப்பாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹெச்டிஎம்ஐ கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்பதை. 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை; மதர்போர்டில் மாட்டினால் எதுவும் வராது, கார்டில்தான் மாட்ட வேண்டும். அடுத்து ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்துங்கள். ஃபேன் சுற்றியும் படம் வராவிட்டால் 4+4 பின்னைப் பாருங்கள்.

மதர்போர்டின் பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி-யை (ரேமின் முழு வேக அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ரேம் 2133-லோ 2666-லோ ஓடும். அங்கேயே சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப், எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் ஆன். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட் இவை இல்லாமல் திறக்காது. விண்டோஸ் போடும் பென் டிரைவிலேயே நெட்வொர்க் டிரைவரையும் வைத்துக்கொள்ளுங்கள், நிறுவும்போதே இணையம் கேட்கும். முடிந்ததும் டிஸ்ப்ளே அமைப்பில் 100 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60-லேயே ஆடுபவர்கள் உண்டு.

மே மாத அறையில் 5600 எண்பது டிகிரியைத் தொட்டால் பதற வேண்டாம், அதன் வரம்பு 90. கேபினெட்டைத் தொடும்போது விரலில் 'சுர்' என்றால் எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரோடு சேர்த்துக் கேம் நடுவே கரன்ட் போனால் சில எஸ்எம்பிஎஸ்கள் அணைந்துவிடும், 1,000 விஏ எடுங்கள்.

கன்சோல் கெட்டால் ஒரே சர்வீஸ் சென்டர், ஒரு வருட வாரன்டி. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி கம்பெனி, தனித்தனிக் காலம். பல கிராபிக்ஸ் கார்டுகளுக்கு மூன்று வருடம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். கார்டின் பெட்டியையும், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையும் அந்த மூன்று வருடமும் பரண்மேல் வையுங்கள்.