டபுள் ரைபிள் வாங்குறீங்களா, ஃபிரேம் சைஸ பாருங்க

டபுள் ரைபிள்னா ரெண்டு குழல் பக்கத்துல பக்கத்துல இருக்கிற வேட்டைத் துப்பாக்கி. ஆப்பிரிக்காவுக்கு காட்டெருமை வேட்டைக்குப் போறவங்க காலிபருக்கு, அதாவது குண்டு அளவுக்கு, மண்டைய உடைச்சுக்குவாங்க, குழல் வந்து மாட்டுற நடு உடம்பான ஃபிரேம கண்டுக்கவே மாட்டாங்க. 470 நைட்ரோங்கிற பெரிய தோட்டாவுக்கான ஃபிரேம்லயே, அதைவிடச் சின்ன தோட்டாவான 9.3×74ஆருக்கு பேரல் (குழல்) போட்டா வெளிசைஸ் அதேதான், ஓட்டை மட்டும் சின்னது, அதனால இரும்பு ஜாஸ்தியாகி சின்ன குண்டுக்கு போய் பெரிய துப்பாக்கிய விட கனமா சுமக்கணும், நாள் பூரா நடக்கிறவனுக்கு இது தண்டம். 9.3க்கு 20 கேஜ் ஷாட்கன் அளவு ஃபிரேம் போதும், சுமார் 8 பவுண்டு வரும். 450/400ங்கிற நடுத்தர தோட்டாவுக்கு அடுத்த சைஸ், 9லருந்து 10 பவுண்டு, அதுக்கும் கீழ போனா 400 கிரெயின் எடை குண்டோட உதை தோள பதம் பார்த்துடும். கடையில டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) ரெண்டு போட்டு, துப்பாக்கி மடங்குற இடத்துல இருக்கிற ஹிஞ்ச் பின்னுக்கு அடியில விரல வச்சு தூக்கிப் பாருங்க, நல்லாவே குழல் மூக்கு சாஞ்சுச்சுன்னா வேற பாக்கலாம்.